பன்னிரண்டு மூடிகள்

ஜூலை 28

சுண்டெலிக்கு,

நான் சுகம். உன் அத்தானுக்கு முதுகுவலி. அது கல்யாணமான நாளிலிருந்தே இருப்பதால் அவரும் சுகம் என்றே வைத்துக்கொள். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை டீயிலேயே காலத்தை ஓட்டுகிறாயா?

போன் செய்தால் "அக்கா, லைன் சரியில்ல, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதனால்தான் கடிதம். கட்டுப்பாட்டு அறையில் எட்டு மணி நேரம் எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை என்பதால், நடுவில் எழுத நேரம் கிடைக்கிறது.

உன் மருமகள் பள்ளியில் நம் மணல் கிடங்கைப் பற்றிப் பேசப்போகிறாள். நேற்று முழுக்க வீட்டில் ஒத்திகை. "காற்றாலையில மிச்சமாகிற கரண்ட்ட வச்சு காத்தைச் சூடாக்குவாங்க. அந்தச் சூட்டுக் காத்து பன்னிரண்டு குழாய் வழியா மணலுக்குள்ள ஓடும். மணல் அந்தச் சூட்டைக் குளிர்காலம் வரைக்கும் பிடிச்சு வச்சிருக்கும். அப்ப அதுல தண்ணியச் சூடாக்கி நம்ம வீட்டுக்கெல்லாம் அனுப்புவாங்க." கடைசியில் "அந்தக் குழாயெல்லாம் எங்க மாமா பொருத்தினது" என்று ஒரு வரி. அதை நான் எழுதிக் கொடுக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரி, "மண்ணை வறுக்கிறதுக்கா உங்களுக்குச் சம்பளம்?" என்றாள்.

நீ போய் ஐந்து வாரம் ஆகிறது. மணல் நன்றாகவே சூடேறுகிறது. பதினொரு குழாய்களைச் சுற்றி நானூறு டிகிரிக்கு மேல் காட்டுகிறது. ஏழாம் குழாயைச் சுற்றி மட்டும் இருநூற்று முப்பது. மீட்டர்காரர், அதாவது நீ 'முசுடு' என்று பெயர் வைத்த அதே ஆள், இரண்டு முறை மீட்டரை மாற்றிப் பார்த்துவிட்டார். "மீட்டர் சரியாத்தான் காட்டுது. உள்ளதான் என்னமோ இருக்கு" என்கிறார்.

மணல் கொட்டும்போது குழாய் வாய்க்குள் விழாமலிருக்கப் போட்ட இரும்பு மூடிகளை எடுக்கக் கடைசி நாள் தொட்டியின் உச்சியில் இருக்கும் மேலறைக்குள் போனவன் நீதான். உன்னைத் தவிர வேறு யாரும் அந்தச் சந்துக்குள் நுழையவும் முடியாது. ஏழாம் குழாயில் ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்ததா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். அத்தானின் முதுகையும் அதைத் தாங்கும் உன் காதுகளையும் விசாரித்ததாகச் சொல். மருமகள் மேடையில் திக்காமல் பேசினாளா?

ஓர் அறையில் நான்கு பேர் இருக்கிறோம். ஒருவன் குறட்டை விடுவான். ஒருவன் அதைக் கேட்டு எழுந்து விளக்கைப் போடுவான். மூன்றாமவன் விளக்குக்காகச் சண்டை பிடிப்பான். நான் மட்டும்தான் நல்லவன். குழாயடியில் தண்ணீர் காலை ஆறு மணிக்கே நின்றுவிடுவதால் எல்லோரும் சேவலுக்கு முன்பே எழுந்துவிடுகிறோம்.

இங்கே கட்டுகிற தொட்டி நம்முடையதைப் போல மூன்று மடங்கு. முப்பத்தாறு குழாய்கள். நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வேலைச் சான்றிதழைப் பார்த்ததும் மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டார்கள். "அந்த ஊர்த் தொட்டியில வேலை பார்த்த ஆளா?" என்று மேஸ்திரி நாற்காலியே போட்டார். அந்த நாற்காலிக்கு ஒரு கால் இல்லை என்பது வேறு விஷயம்.

இங்குள்ள ஸ்டோர்காரர் திருகாணிகளை எண்ணும்போது உன்னைப் போலவே சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைப்பார். பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது.

செருப்பு பிய்ந்துவிட்டது. பூட்ஸ் வாங்கியிருக்கிறேன். முசுட்டை ரொம்பக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

---

ஆகஸ்ட் 20

தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியம். மருமகள் நன்றாகப் பேசினாள். உன்னைப் பற்றிய வரிக்குத்தான் கைத்தட்டல்.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். குறட்டை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, பூட்ஸும் இருக்கிறது. ஏழாம் குழாயைத்தான் காணோம்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மேலறையைத் திறக்க வேண்டுமென்றால் தொட்டியை ஆறவிட வேண்டும். இதுவரை சேர்த்த சூடெல்லாம் போய்விடும். செப்டம்பர் இருபதுக்குள் முடிவெடுத்தால் அக்டோபர் காற்றில் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு முடியாது. பொறியாளர் சொல்கிறார், "யாராச்சும் நிச்சயமாச் சொன்னா நாளைக்கே திறக்கறேன். வெறும் சந்தேகத்துக்காக இவ்வளவு சூட்டையும் காத்துல விடச் சொல்றீங்களா?" நான்கு தெருக்களும் பள்ளிக்கூடமும் இந்தத் தொட்டியை நம்பி இருக்கின்றன. பழைய எண்ணெய்க் கொதிகலனில் பாதியைக் கழற்றி விற்றும்விட்டார்கள்.

மீட்டர்காரர் தன் பேச்சிலிருந்து ஓர் அங்குலம் அசையவில்லை. தான் வைத்த மீட்டரைக் குறை சொல்வதா என்று கோபம். பொறியாளருக்கும் அவருக்கும் இப்போது முகம் கொடுத்துப் பேச்சு இல்லை. அவருடைய வேலை போய்விடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எனக்கும் இதில் பங்கு இருக்கிறது. படிவத்தில் 'வெளியே எடுத்த மூடிகள்: எண்ணால் 12, எழுத்தால் பன்னிரண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்.

ஒரு வரி எழுது. நல்லதோ கெட்டதோ, ஒரு வரி போதும்.

அக்கா

---

செப்டம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இடது கைக் கட்டைவிரலில் சுத்தியல் பட்டு நகம் போய்விட்டது. எழுதுவது வலது கைதானே என்று நீ கேட்பாய். கேட்காதே.

நீங்கள் எல்லோரும் நலம்தானே? அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதா?

இங்கே ஒரு நல்ல செய்தி. என் யோசனை ஒன்றை மேஸ்திரி ஏற்றுக்கொண்டார். ஒவ்வொரு மூடியிலும் எண் வெட்டி, ஒரு சங்கிலியும் கோத்துவிட்டோம். சங்கிலியின் மறுமுனை மேலறைக்கு வெளியே ஒரு வளையத்தில் தொங்கும். மூடி வெளியே வராவிட்டால் சங்கிலி இழுத்தபடி நிற்கும், குருடனுக்கும் தெரிந்துவிடும். "எப்படிய்யா இது உனக்குத் தோணுச்சு?" என்று மேஸ்திரி முதுகில் தட்டினார். சிரித்து மழுப்பிவிட்டேன்.

மருமகளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுது.

தம்பி

---

அக்டோபர் 6

தம்பிக்கு,

நலம். விரலை நனைக்காதே.

செப்டம்பர் இருபது போய்விட்டது. மீட்டர்தான் பழுது என்று பொறியாளர் முடிவு செய்துவிட்டார். ஏழாம் குழாய்க்கு ஆறு, எட்டு இரண்டின் சராசரியைப் போட்டு எழுதச் சொல்கிறார். எழுதுகிறேன். குளிர்காலத்துக்கான கணக்கெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

"இல்லாத சூட்டை எழுத என்னால முடியாது" என்று மீட்டர்காரர் சொன்னார். மறுநாள் அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 'கருவி பொருத்துவதில் கவனக்குறைவு' என்று அவருடைய கோப்பில் எழுதியிருக்கிறார்கள். சாப்பாட்டு டப்பாவையும் திருப்புளிகளையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போனார். பதினொரு வருடமாக என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர்.

சங்கிலி நல்ல யோசனை. அது உனக்கு எப்போது தோன்றியது என்று நீ எழுதவில்லை.

அக்கா

---

டிசம்பர் 2

தம்பிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

குளிர் வந்துவிட்டது. மணலிலிருந்து சூடு எடுக்க ஆரம்பித்துவிட்டோம். வீடுகளெல்லாம் கதகதப்பாக இருக்கின்றன. எதிர்வீட்டுக்காரி வாசலில் நிறுத்தி, "வறுத்த மண்ணு வேலை செய்யுதே!" என்றாள். பொறியாளரைப் பேட்டி எடுத்துப் பத்திரிகையில் போட்டார்கள். படத்தில் ஓரமாக என் முழங்கையும் இருக்கிறது.

மீட்டர்காரரைப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் தராசுக் கடையில் பார்த்தேன். எடைத் தராசு ரிப்பேர் செய்கிறார். வேறு எந்தக் கிடங்கிலும் எடுக்கவில்லையாம். கோப்பில் இருக்கும் அந்த ஒரு வரி எல்லா இடத்துக்கும் அவருக்கு முன்னால் போய்விடுகிறது. வணக்கம் சொன்னேன். தலையை நிமிர்த்தாமலே, "ஏழு எவ்வளவு?" என்று கேட்டார்.

"முன்னூத்தி அம்பது."

"மத்தது?"

"ஐந்நூத்தி எண்பது."

தலையாட்டிவிட்டு, திருகாணியைத் திருகத் தொடங்கினார். நான் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

பதில் எழுது.

அக்கா

---

டிசம்பர் 19

அக்காவுக்கு,

நலம். இத்துடன் மருமகளுக்குக் கையுறை அனுப்பியிருக்கிறேன். அளவு தெரியாமல் வாங்கினேன். பெரிதாக இருந்தால் அடுத்த வருஷத்துக்கு ஆகும்.

என்னைக் குழாய்ப் பிரிவுக்கு மேற்பார்வையாளனாக்கிவிட்டார்கள். சந்தோஷப்பட வேண்டும்.

அந்தத் தராசுக் கடையின் முகவரி என்ன?

தம்பி

---

பிப்ரவரி 24

தம்பிக்கு,

கடையின் முகவரியை ஜனவரியிலேயே அனுப்பினேன். அவருக்கு உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை. போய்க் கேட்டேன்.

வீட்டில் எல்லோருக்கும் சளி. மற்றபடி சுகம்.

தொட்டியில் சூடு தீர்ந்துவிட்டது. மார்ச் கடைசி வரை வரும் என்று போட்ட கணக்கு, பிப்ரவரி எட்டிலேயே முடிந்தது. மிச்சமிருக்கும் எண்ணெய்க் கொதிகலன் வீடுகளுக்கே திணறுகிறது. அதனால் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். உன் மருமகள் நீ அனுப்பிய கையுறையை மாட்டிக்கொண்டு சமையலறை மேஜையில் பாடம் எழுதுகிறாள். கையுறை பெரிதுதான், எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது. எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்தால் ஒன்றும் சொல்வதில்லை. அவள் ஏதாவது கேலியாகச் சொன்னால்கூடத் தேவலை.

விசாரணை வைத்திருக்கிறார்கள். மார்ச் 20. பழி ஒருவர் மேல் விழ வேண்டும். மீட்டர்காரரின் பெயர் தயாராக இருக்கிறது. தவறான மீட்டரால்தான் கணக்கு தவறியது என்று பொறியாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். உரிமத்தை ரத்து செய்யப் போகிறார்களாம். அப்படிச் செய்தால் அவர் இனிமேல் எந்த ஆலையிலும் மீட்டரைத் தொட முடியாது.

எனக்கு வெட்கமாக இருக்கிறது, தம்பி. தினமும் தராசுக் கடை நிறுத்தத்தில் இறங்காமல், அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடக்கிறேன்.

நீ எழுத நினைத்தால் இருபதாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும்.

அக்கா

---

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். சளிக்கு வெந்நீர் குடியுங்கள் என்று எழுதப் போனேன். அந்த வெந்நீருக்கே நான்தான் உலை வைத்துவிட்டேன்.

பொறியாளருக்கும் விசாரணைக் குழுவுக்கும் ஒரே கடிதத்தை இன்று அனுப்பிவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. படித்துக்கொள்.

ஏழாம் குழாயில் மூடி இருக்கிறது. விளிம்பில் மணல் புகுந்து இறுகிக்கொண்டது. சுத்தியலால் தட்டினேன். அது சாய்ந்து உள்ளே இறங்கி, ஒரு முழம் கீழே சிக்கிக்கொண்டது. கையை விட்டால் தொட முடிந்தது, பிடிக்க முடியவில்லை. கீழே இருந்து "என்னய்யா பண்றே, கிரேனுக்கு நேரமாச்சு" என்று கத்திக்கொண்டே இருந்தார்கள். மாலை ரயிலுக்கு என் டிக்கெட் சட்டைப்பையில் இருந்தது. சான்றிதழ் இல்லாமல் போனால் இந்த வேலை இல்லை. இறங்கியதும் சொல்லிவிடலாம் என்றுதான் இறங்கினேன். சொல்லவில்லை.

உன் முதல் கடிதம் வந்த நாளே சொல்லியிருந்தால் இலையுதிர் காலத்துக்குள் திறந்திருப்பீர்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பூட்ஸைப் பற்றி எழுதினேன். தராசுக் கடைக்கும் நான்கு கடிதம் எழுதினேன். நான்கையும் கிழித்துவிட்டேன்.

குழுவுக்கு எழுதியதில் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் போட்டிருக்கிறேன். 'என் அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. என்னை நம்பி, எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.' உன்னைக் கேட்டால் அதையே சொல்.

தம்பி

---

ஏப்ரல் 17

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது.

தொட்டி ஆறித்தான் கிடந்தது என்பதால் மேலறையை உடனே திறந்தார்கள். உன்னைப் போல ஒல்லியாக ஒரு பெண் வந்தாள். கொக்கி போட்டு அரை மணியில் மூடியை எடுத்துவிட்டாள். நீலமும் கறுப்புமாக வெந்திருக்கிறது.

விசாரணையில் உன் கடிதத்தை உரக்கப் படித்தார்கள். மீட்டர்காரர் பின் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோப்பில் இருந்த வரியை அடித்துவிட்டார்கள். அவரைத் திரும்ப வரச் சொல்லிவிட்டார்கள். உன் சான்றிதழ் ஒரு வருடத்துக்கு ரத்து. கடிதம் இதற்குள் உனக்கு வந்திருக்கும். பொறியாளர் என்னிடம் வந்து, "நீங்க பாவம்மா, தம்பிய நம்பி ஏமாந்துட்டீங்க" என்றார். நான் என் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மீட்டர்காரர் வேலைக்கு வந்தார். டப்பாவைப் பழைய மேஜையில் வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு இவ்வளவு நாளா மனசுல நினைச்சுட்டேன். தப்பா நினைச்சதுக்கு மன்னிச்சுக்குங்கம்மா" என்றார். அந்த மனிதர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

தம்பி, அன்றைக்கு நான் எண்ணினேன். பெட்டியில் பதினொன்றுதான் இருந்தது. ஒன்று எங்கேயாவது உருண்டு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதுகூடப் பொய். உன் ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. பேனா கையில் இருந்தது. பன்னிரண்டு என்று எழுதினேன். அதற்குப் பிறகு உன்னைக் கேட்டுக் கேட்டுக் கடிதம் போட்டதெல்லாம், நீ சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டியிருக்காது என்பதற்காகத்தான். உன்னைக் கேள்வி கேட்க எனக்கு என்ன தகுதி இருந்தது?

"அண்ணே, நீங்க நினைச்சது தப்பில்ல. பெட்டியில பதினொண்ணுதான் இருந்துச்சு. நான் எண்ணினேன்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். திட்டுவார் என்று நின்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எழுதித் தர்றீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அதே படிவத்தில் ஒன்றை எடுத்தேன். எண்ணால் 11. எழுத்தால் பதினொன்று. அவரே எடுத்துக்கொண்டு போய்ப் பொறியாளரிடம் கொடுத்தார்.

கட்டுப்பாட்டு அறையில் இப்போது வேறொரு பெண் உட்காருகிறாள். நான் முற்றத்தில் மணல் சலிக்கிறேன். அடுத்த முறை நிரப்புவதற்குப் புது மணல் வந்திருக்கிறது. முகத்தில் துணி கட்டிக்கொண்டால் தும்மல் வருவதில்லை. நேற்று தொட்டியைப் பூட்டிச் சூடேற்ற ஆரம்பித்தோம். உன் சங்கிலி முறையைத்தான் இங்கேயும் வைத்திருக்கிறார்கள்.

உன் கடிதத்தில் எனக்காக எழுதிய அந்தப் பொய்யைக் கெடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

அக்கா

---

மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். மேற்பார்வை வேலை போய்விட்டது; இதே இடத்தில் உதவியாளனாக வைத்துக்கொண்டார்கள். அறையில் குறட்டைக்காரன் ஊருக்குப் போய்விட்டதால் நன்றாகத் தூங்குகிறேன். அல்லது வேறு காரணமாகவும் இருக்கலாம்.

உன் மேல் எனக்குக் கோபமில்லை. உன்னிடம் சொல்லாத ஒன்று என்னிடமும் மிச்சமிருக்கிறது.

அன்றைக்குப் பெட்டியை உன் கையில் கொடுத்துவிட்டு, கயிற்றைச் சுருட்டுகிற சாக்கில் நான் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எண்ணினாய். உன் உதடு அசைந்தது. பதினொன்றில் நின்றது. நிமிர்ந்து ஒரு முறை என்னைப் பார்த்தாய். நீ கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். நீ குனிந்து எழுத ஆரம்பித்தாய். எழுதும்போது உன் உதடு "பன்னிரண்டு" என்றது.

அதனால்தான் உன் முதல் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவதென்றே எனக்குப் புரியவில்லை. தெரிந்துகொண்டே ஏன் கேட்கிறாள் என்று யோசித்தேன். நான் சொன்னால் நீயும் மாட்டிக்கொள்வாய் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்த நியாயத்தைச் சொல்லிச் சொல்லி ஒரு குளிர்காலம் போய்விட்டது. நாம் இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றியதில் மாட்டிக்கொண்டவர் முசுடு. அவரை இனி அப்படிக் கூப்பிட மாட்டேன்.

அவருக்கு ஐந்தாவது கடிதத்தை எழுதிக் கிழிக்காமல் அனுப்பிவிட்டேன். நேற்று பதில் வந்தது. தபால் அட்டையில் ஒரே வரி. 'ஏழு 212. மற்றவை 214.'

மணல் சலிக்கும்போது கண்ணுக்கும் ஏதாவது போட்டுக்கொள். அத்தானையும் மருமகளையும் கேட்டதாகச் சொல். இனிமேல் எதை எண்ணினாலும் வாய்விட்டு எண்ணு, அக்கா. நானும் அப்படித்தான் செய்கிறேன்.

சுண்டெலி